வீட்டுத் தெலுங்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை வைத்துக் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி: 1509-1529) தெலுங்கில் 'ஆமுக்தமால்யத' எழுதினார். அரசவைத் தெலுங்கு காவியமாயிற்று. பக்கத்து ராஜபாளையத்திலோ அது எழுத்தை விட்டு வாய்மொழியாக நின்றது. ராஜுக்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். படிப்பு, கடிதம், கணக்கு தமிழில். பேச்சில் தமிழ்ச் சொல் தாராளமாகப் புழங்கும். 'ரெண்டுங்கெட்டான் பாஷை' என்று இரு பக்கத்துப் பண்டிதர்களும் சொல்லிவிடலாம். ஆங்கிலம் கலந்த வேல்ஸ் மொழிக்கும் இதே வசவுதான். ஆனால் அதற்குப் பள்ளியும் 1993ஆம் வருஷத்துச் சட்டமும் துணை நிற்கின்றன.

கலப்பு அழிவல்ல, பிழைத்திருக்கும் வழி என்பேன். இங்கே தீர்ப்புச் சொல்வது இலக்கணமல்ல, சாதி. ராஜபாளையத்து பூ.ச. குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்தார். வீட்டுத் தெலுங்கு குறுக்கே நிற்கவில்லை. தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்களும் இந்தக் கரிசல் சீமையில் உண்டு. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது, 'இவங்க தமிழரா?' என்ற கேள்வி கிளப்பப்பட்டது. ஒரு தெருவில் குலப்பெருமையாகும் மொழி அடுத்த தெருவில் குற்றச்சாட்டாகிறது. மொழித்தூய்மை பேசுகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்.