அமெரிக்காவில் தடுப்பூசிச் சண்டை கட்சிச் சண்டையான வரலாறு

அமெரிக்காவில் தடுப்பூசி எதிர்ப்புக்கு இருநூறு வயது. அதில் கட்சி நுழைந்தது மிகவும் பிந்தி. அதிபர் ஜேம்ஸ் மாடிசன் காலத்தில், 1813இல், பெரியம்மைத் தடுப்பு மருந்தான அம்மைப்பாலை நாடெங்கும் தபாலில் இலவசமாக அனுப்ப ஒரு சட்டம் வந்தது. பால்டிமோர் மருத்துவர் ஜேம்ஸ் ஸ்மித் அதற்குப் பொறுப்பேற்றார். அவர் வட கரோலினாவின் டார்பரோ ஊருக்கு அனுப்பிய பொதியில் அம்மைப்பாலுக்குப் பதிலாகப் பெரியம்மைப் பொருக்கே போய்விட்டது. ஊரில் நோய் பரவிச் சிலர் இறந்தார்கள். 1822இல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தையே நீக்கியது. அதன்பின் தடுப்பூசி நெடுங்காலம் மாநிலங்களின் பொறுப்பாகவே இருந்தது.

மாநிலங்கள் கட்டாயப்படுத்தியபோது வழக்குகள் வந்தன. மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் ஹென்னிங் ஜேக்கப்சன் என்ற பாதிரியார் பெரியம்மை ஊசி போட மறுத்தார். சிறுவயதில் ஸ்வீடனில் போட்ட ஊசியால் அவதிப்பட்டதாக அவர் சொன்னார். அபராதம் 5 டாலர். உச்ச நீதிமன்றம் 1905இல் 7க்கு 2 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்து, மாநிலத்தின் அதிகாரத்தை உறுதி செய்தது. அன்றைய எதிர்ப்பாளர்களை எந்தக் கட்சியோடும் சேர்த்துச் சொல்ல முடியாது.

1955இல் சால்க்கின் போலியோ தடுப்பூசி வந்தபோது கட்சிகள் மோதிக்கொண்டது உண்டு. ஆனால் ஊசி வேண்டுமா என்பதில் அல்ல, அதற்கு யார் பணம் கொடுப்பது என்பதில். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகக் கொடுக்க ஜனநாயகக் கட்சியினர் கேட்டார்கள். குடியரசுக் கட்சி அதிபர் ஐசன்ஹோவரின் அரசு தயங்கியது. கட்டர் நிறுவனத்தின் ஊசியில் உயிருள்ள வைரஸ் கலந்து 10 பேர் இறந்த பிறகும் பெற்றோர் வரிசையில் நின்றார்கள். போலியோவைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது.

1976 வேறு விதம். ஃபோர்ட் டிக்ஸ் ராணுவ முகாமில் பன்றிக் காய்ச்சல் தோன்றியதும் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு நாடு முழுவதற்கும் தடுப்பூசி என்று அறிவித்து, தாமும் தொலைக்காட்சி முன் போட்டுக்கொண்டார். 4 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் போட்டாகிவிட்டது, கொள்ளைநோய் வரவில்லை. சிலருக்கு நரம்புகளைத் தாக்கும் குய்யன்-பாரே நோய் வந்ததால் டிசம்பரில் திட்டம் நின்றது. இந்தத் தோல்வி அரசின் மீதான நம்பிக்கையைக் குலைத்தது. அப்போதும் ஊசி ஒரு கட்சியின் அடையாளமாகவில்லை.

அந்த நிலை மாறத் தொடங்கியதைக் கலிபோர்னியாவில் காணலாம். அங்கே ஊசி மறுத்தவர்களில் இயற்கை வாழ்வில் பற்றுள்ள, வசதியான இடதுசாரிகளும் பலர். டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலுக்குப் பின், 2015இல், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொந்த நம்பிக்கையின் பேரில் தந்த விலக்கை மாநில அரசு ரத்து செய்தது. எதிர்ப்பின் பேச்சு உடல்நலத்திலிருந்து பெற்றோர் உரிமைக்கு நகர்ந்தது. அது வலதுசாரி அரசியலுக்குப் பழகிய மொழி.

கொரோனா ஊசி இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே பிறந்தது. அதை விரைந்து உருவாக்கும் திட்டத்தை 2020இல் தொடங்கியவர் குடியரசுக் கட்சியின் டிரம்ப். மருத்துவர்கள் சொன்னால் போட்டுக்கொள்வேன், டிரம்ப் சொன்னால் மாட்டேன் என்று அந்த அக்டோபரில் விவாத மேடையில் சொன்னவர் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ். சில மாதங்களில் ஆட்சி மாறியதும் நிலைமை தலைகீழானது. ஊசி பைடன் ஆட்சியின் ஊசியாகிவிட்டது. 2021 ஆகஸ்டில் அலபாமா கூட்டத்தில் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்ன டிரம்பையே அவருடைய ஆதரவாளர்களில் சிலர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். அடுத்த மாதம், 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் ஊசி அல்லது வாராந்திரப் பரிசோதனை என்று பைடன் அறிவித்ததும் பிளவு இறுகியது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை 6க்கு 3 என்று நிறுத்தி வைத்தது.

சாவுக் கணக்கில் இந்தப் பிளவு தெரிந்ததா என்பது எளிய கேள்வியல்ல. முதல் அலையில் மிகுதியாக அடிபட்டவை நியூயார்க், நியூ ஜெர்சி போன்ற ஜனநாயகக் கட்சி மாநிலங்கள். குடியரசுக் கட்சிக்கு வாக்களிக்கும் ஊர்களிலோ முதியோர் அதிகம், மருத்துவமனைகள் குறைவு. எனவே ஊரோடு ஊரை ஒப்பிட்டால் ஏமாறலாம். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒஹாயோ, புளோரிடா வாக்காளர் பதிவுகளை 5,38,159 இறப்புகளோடு ஆள்வாரியாகப் பொருத்திப் பார்த்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். வயதையும் வாழிடத்தையும் கணக்கில் கொண்ட ஆய்வு அது. பெரியவர்கள் எல்லோருக்கும் ஊசி கிடைத்த பிறகு, வழக்கத்தை மீறிய இறப்பு விகிதம் ஜனநாயகக் கட்சியினரைவிடக் குடியரசுக் கட்சியினரிடம் 43 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதற்கு முன் இவ்வளவு வேறுபாடு இல்லை. கூடுதல் முக்கியமாக ஒஹாயோவிலும், ஊசி குறைவாகப் போட்ட பகுதிகளிலும் தெரிந்தது. யார் ஊசி போட்டவர் என்ற தனித் தகவல் ஆய்வாளர்களிடம் இல்லாததால் ஊசியே காரணம் என்று இது முற்றாக நிறுவவில்லை. ஆனால் காலமும் இடமும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன.

2025 பிப்ரவரியில், ஜனநாயகக் கட்சியின் புகழ்பெற்ற குடும்பத்தில் பிறந்த, நெடுங்காலத் தடுப்பூசி விமர்சகர் ராபர்ட் கென்னடி ஜூனியர், மீண்டும் அதிபரான டிரம்பின் சுகாதார அமைச்சரானார். ஜூனில் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழுவின் 17 உறுப்பினர்களையும் நீக்கினார். செப்டம்பரில் புளோரிடா மாநிலம், பள்ளிகளுக்கான ஊசிக் கட்டாயங்களை விலக்கப்போவதாக அறிவித்தது. கலிபோர்னியா, ஓரிகான், வாஷிங்டன், ஹவாய் ஆகிய மாநிலங்கள் கூட்டாகத் தங்கள் பரிந்துரைகளைத் தாமே வெளியிடத் தொடங்கின.