ஊர் எழுதாத பூச்சி

பல ஆண்டுகளுக்கு முன், பண்டசோழநல்லூர் வயல்வரப்புகளில் என் மாணாக்கரோடு பூச்சிகளைத் தேடித் திரிந்தேன். நடவு வயலில் தும்பியும், எருக்கஞ்செடியில் வெட்டுக்கிளியும், தொழுவத்தருகே சாணவண்டும் கிடைத்தன. அவற்றைப் பெட்டியில் வரிசையாகக் குத்திவைத்துப் பெயர்களை மட்டும் அழகாக எழுதினோம். ஊரையும் நாளையும் எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பின்னர் வேற்றூர்ப் பூச்சிகளும் அப்பெட்டியில் கலந்தன. எது எவ்வூரது என்பது இன்று எனக்கே தெரியாது. இப்பிழை எத்துணைப் பெரியது என்பதைப் பூச்சியியலின் வரலாறே எனக்குக் கற்பித்தது.

அவ்வரலாற்றின் தொடக்க ஏடுகளில் நம் சோழமண்டலக் கரைக்கும் இடமுண்டு. டேனியர் வசமிருந்த தரங்கம்பாடிக்கு 1768-இல் மருத்துவராக வந்தார் கோனிக் என்னும் அறிஞர். கறையான்களின் வாழ்வைக் கண்டறிந்து அவர் எழுதிய கட்டுரை 1779-இல் வெளியாயிற்று. அவர் அனுப்பிய பூச்சிகளுக்கு ஐரோப்பாவில் பெயரிட்டவர் பெப்ரீசியஸ். இருவரும் லின்னேயஸின் மாணாக்கர்களே. பெப்ரீசியஸ் இந்தியாவிற்கு வந்ததில்லை. எனினும் அவர் நூல்களில் தரங்கம்பாடியின் பெயர் நிலைபெற்றது.

பெயரிடுதல் முதற்படியே. இத்தனை வகைகள் எவ்வாறு தோன்றின என்பது அடுத்த வினா. அதற்கு விடை காண ஊர்ப்பெயர் இன்றியமையாதது. 1835-இல் கலாபகசுத் தீவுகளுக்குச் சென்ற டார்வின், தாம் சேர்த்த குருவிகள் பலவற்றில் எது எத்தீவினது என்று குறிக்கத் தவறினார். பின்னர்ப் பிறர் குறித்துவைத்தவற்றை அவர் நாட வேண்டியதாயிற்று. பேரறிஞரும் என் பிழையைச் செய்தார் என்பதில் எனக்குச் சிறிது ஆறுதல்!

வாலேசு அவ்வாறு விடவில்லை. 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுகளில் ஒன்றேகால் இலட்சத்திற்கு மேற்பட்ட உயிர்மாதிரிகளைச் சேர்த்தார், பெரும்பாலானவை பூச்சிகளே. தமக்கென வைத்துக்கொண்டவற்றில் தீவின் பெயரைக் குறித்தார். கடலோ மலையோ ஓரினத்தை இரு கூறாகப் பிரிக்குமாயின், ஒவ்வொரு கூறும் தன் சூழலுக்கேற்பத் தலைமுறைதோறும் சிறிது சிறிதாக மாறும். நெடுங்காலத்திற்குப்பின் அவை தம்முள் கலந்து இனம்பெருக்க இயலாத இரு வேறு இனங்களாகிவிடும். இம்மாற்றத்தை நாம் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஊர்ச்சீட்டுகளை அடுக்கிப் பார்த்தே உணர்கிறோம்.

புதுவை மாநிலத்திலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. காரைக்காலைச் சேர்ந்த குரும்பகரத்தில் வாழ்ந்த சூசைநாதன், சென்ற நூற்றாண்டில் பூச்சி சேர்த்தலையே தொழிலாகக் கொண்டவர். அவர் அனுப்பிய பூச்சிகள் அயல்நாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. ‘குரும்பகரம்’ என்னும் பெயரும் மாதமும் ஆண்டும் அவற்றின் சீட்டுகளில் இருக்கின்றன. அவர் நினைவாக ‘நாதனி’ என்று பெயர்பெற்ற பூச்சியினங்கள் பல. அந்நாளில் குரும்பகரத்தில் எவை பறந்தன என்பதற்கு இன்றும் சான்று உண்டு. என் மாணாக்கர் காலத்தில் பண்டசோழநல்லூரில் எவை பறந்தன என்பதற்கோ சான்றில்லை. பூச்சிமருந்து தெளிக்கும் இந்நாளில், எவை குறைந்தன, எவை மறைந்தன என்று ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமற் போயிற்று.

ஆதலின், மாணவ நண்பர்களே, ஒரு வண்டைக் கண்டால் அதனைக் கொல்லவும் வேண்டா. உற்றுநோக்கி எழுதினாலே போதும். பெயர் தெரியவில்லையெனில் அவ்விடத்தை வெறுமையாக விடுங்கள்; பின்னால் வரும் அறிஞர் நிரப்புவார். ஊரையும் நாளையும் மட்டும் அன்றே எழுதிவிடுங்கள். அவற்றை நிரப்பப் பின்னால் எவராலும் இயலாது.