குண்டு போட்டவர் திறந்த வீடு

எங்கட மாத்தளை மாவட்டத்துச் சிகிரியா என்றதும் குன்றுதான் ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போரில் அதனருகே பிரித்தானிய விமானப்படைக்கு ஓடுபாதையும் இருந்தது. அதே படைக்காக ஐரோப்பாவில் பறந்தவர் லெனார்ட் செஷயர். நூறு தாக்குதல்களில் பறந்தவருக்கு 1944இல் விக்டோரியா சிலுவை கிடைத்தது. 1945 ஆகஸ்ட் 9இல் நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை வானிலிருந்தே பார்த்தார்.

1948இல், புற்றுநோயால் சாகக் கிடந்த, போக்கிடமில்லாத ஆர்தர் டைக்ஸைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து தானே பராமரித்தார். பிறகு இன்னும் பலர் வந்தார்கள். அந்த வீடே முதல் செஷயர் இல்லமானது. பின்னாளில் இந்தியாவிலும், எங்கட கல்கிசையிலும் இல்லங்கள் எழுந்தன.

யுத்தம் முடிந்த நாட்டில் வளர்கிற நாங்கள், வீரர்களைப் பதக்கத்தை வைத்தே எண்ணிப் பழகிட்டோம். சாகக் கிடந்தவர் பக்கத்தில் இருந்த அந்த நாட்களையும் சேர்த்து எண்ணுவோமா?