அழாத குழந்தைகள்

1989 டிசம்பரில் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்த பிறகு, ருமேனியாவின் அனாதை இல்லங்களுக்குள் போய்ப் பார்த்தவர்கள் பலரும் சொன்ன விஷயம் ஒன்று உண்டு. தொட்டில்கள் வரிசையாகக் கிடக்கின்றன, ஆனால் சத்தமே இல்லை. அழுதால் யாராவது வருவார்கள் என்றால்தானே குழந்தை அழும்?

இத்தனைக்கும் அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். 1966ல் வந்த 770ஆம் எண் ஆணை கருக்கலைப்பைத் தடை செய்தது. ஜனத்தொகை பெருகினால் நாடு முன்னேறும்னு ஒரு கணக்கு. அடுத்த வருடமே பிறப்புகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. வளர்க்க வழியில்லாதவர்கள் அரசு இல்லத்தில் விட்டார்கள். ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் அங்கே இருந்தார்கள்.

சாப்பாடு ஏதோ கிடைத்தது. ஆனால் 'என் ஆள்' என்று ஒட்டிக்கொள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. ஷிஃப்ட் மாறினால் முகமும் மாறும்.

2000களின் தொடக்கத்தில் நெல்சன், ஃபாக்ஸ், சீனா என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் புக்கரெஸ்டில் 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். மீதிப் பேர் இல்லத்திலேயே. நான் வேலை பார்க்கும் துறையில் இதற்குப் பெயர் ஏ/பி டெஸ்ட். பட்டன் நிறத்துக்குச் செய்வதை ஒரு வயதுக் குழந்தைக்குச் செய்யலாமா என்று முதலில் படித்தபோது கோபம்தான் வந்தது. ஆனால் அப்போது அந்த ஊரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடே இல்லாத குறை. இவர்கள்தான் ஆள் தேடி, பணம் கொடுத்து உருவாக்கினார்கள். இல்லத்தில் இருந்த குழந்தைக்கு வேறு குடும்பம் அமைந்தால் தடுக்கவும் இல்லை. கோபம் கொஞ்சம் தணிந்தது, முழுசாக இல்லை.

நாலரை வயதில் சராசரி ஐ.க்யூ: இல்லத்தில் இருந்தவர்கள் 73, குடும்பத்துக்குப் போனவர்கள் 81, சொந்த வீட்டில் வளர்ந்த ருமேனியக் குழந்தைகள் 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பம் கிடைத்தவர்கள்தான் அதிகம் மீண்டார்கள்.

பெரியவர்களான பிறகு? அதற்கு இன்னொரு ஆய்வு இருக்கிறது. பிரிட்டனில் தத்துப்போன 165 ருமேனியக் குழந்தைகளை மைக்கேல் ரட்டர் குழுவினர் இருபது சொச்சம் வயதுவரை பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இல்லத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ பாதிப்பே இல்லை. அதற்கு மேல் இருந்தவர்களிடம் கவனச்சிதறலும், மனிதர்களோடு பழகுவதில் சிக்கலும் நிலைத்துவிட்டன. ஐ.க்யூ மட்டும் மெதுவாகச் சரியாகிவிட்டது. ஆனால் சிறுவயதில் பெரிதாகத் தெரியாத மனச்சோர்வும் பதற்றமும் வாலிபத்தில் தலைதூக்கின. அன்பான வீட்டில் இருபது வருடம் வளர்ந்த பிறகும்! அதே சமயம், நீண்ட நாள் இல்லத்தில் இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்கு எந்த வயதிலும் எந்தச் சிக்கலும் வரவில்லை.

2004ல் ருமேனியா இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கடுமையான ஊனம் உள்ள குழந்தைகளுக்கு மட்டும் அதில் விதிவிலக்கு வைத்திருந்தார்கள்.