புகலிட வழக்குகளில் உளவியல் மதிப்பீடும் அதற்கான பயிற்சியும்: ஒரு வரலாறு

தன் நாட்டில் கொடுமைக்கு உள்ளான ஒருவர் வேறொரு நாட்டில் அடைக்கலம் கேட்கும்போது, உளமருத்துவரோ உளவியலாளரோ அவரை நேரில் கண்டு பேசி, அவருடைய மனநிலையைப் பற்றித் தீர்ப்பாயத்துக்கு அளிக்கும் அறிக்கையே புகலிட வழக்குக்கான உளவியல் மதிப்பீடு ஆகும். இது சிகிச்சையிலிருந்து வேறுபட்டது. சிகிச்சை தருபவர் நோயாளியின் நலனை மட்டும் கருதுவார். மதிப்பீடு செய்பவரோ தாம் கண்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதக் கடமைப்பட்டவர். ஆகவே இதற்குத் தனிப் பயிற்சி தேவை என்ற கருத்து கடந்த 40 ஆண்டுகளில் வலுப்பெற்றது. அந்த வரலாற்றில் ஈழத்தமிழருக்கு முக்கிய இடம் உண்டு.

தோற்றம்

அகதி என்பவர் யார் என்பதை 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வரையறுத்தது. ஆனால் ஒருவர் சொல்வது உண்மையா என எப்படி அறிவது என்பதற்கு அதில் வழி கூறப்படவில்லை. ஓடிவந்தவரிடம் பெரும்பாலும் ஆவணமோ சாட்சியோ இருப்பதில்லை. உடலிலுள்ள தழும்பும் மனத்திலுள்ள வடுவுமே எஞ்சும் சான்றுகள்.

1980ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்வகைப்பாட்டு நூலின் மூன்றாம் பதிப்பில், பேரிடருக்குப் பின் வரும் மனவடு நோயை முதன்முறையாகச் சேர்த்தது. அதன்பின் சித்திரவதைக்கு உள்ளானோருக்கான நிலையங்கள் தோன்றின. 1982இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1985இல் ஹெலன் பாம்பர் இலண்டனில் தொடங்கிய மருத்துவ அறக்கட்டளை, சிகிச்சையோடு சட்டத்துக்கான மருத்துவ அறிக்கைகளையும் தயாரித்தது. இலங்கையில் 1983 சூலைக் கலவரத்துக்குப் பின் தமிழர் பல நாடுகளில் தஞ்சம் கேட்ட காலமும் இதுவே.

1990களில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களான டெரிக் சிலோவ், சக்கரி ஸ்டீல் ஆகியோர் அங்கிருந்த தமிழ்ப் புகலிடக் கோரிக்கையாளரை ஆராய்ந்தனர். போரில் பட்ட துன்பம் மட்டுமன்றி, வந்த இடத்தில் திருப்பி அனுப்பப்படுவோமோ என்ற அச்சம் போன்றவையும் மனநோய்க் குறிகளோடு தொடர்புடையவை என அவர்கள் கண்டனர்.

இஸ்தான்புல் நெறிமுறை

சித்திரவதையை எப்படி ஆராய்ந்து பதிவு செய்வது என்பதற்கு உலகப் பொது வழிகாட்டி 1999இல்தான் கிடைத்தது. 15 நாடுகளைச் சேர்ந்த 75க்கும் மேற்பட்ட சட்ட, மருத்துவ, மனித உரிமை வல்லுநர்கள் மூன்றாண்டுகள் உழைத்து உருவாக்கிய இந்நூல், அவ்வாண்டு ஆகஸ்டில் ஐ.நா. மனித உரிமை உயர் ஆணையரிடம் அளிக்கப்பட்டது. இஸ்தான்புல் நெறிமுறை எனப்படும் இது 2022இல் திருத்தி வெளியிடப்பட்டது.

ஒரு தழும்பு, கூறப்படும் காரணத்தோடு எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதற்கு இந்நெறிமுறை ஐந்து படிகளைத் தருகிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, அக்காரணத்துக்கே உரிய தோற்றம் உடையது, வேறு காரணத்தால் வந்திருக்க முடியாது. இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே ஒரு சொல்லே வேறுபாடு. அந்த ஒரு சொல்லில் ஒருவரின் வாழ்வே தங்கியிருக்கலாம் என்பதைக் கீழ்வரும் வழக்கு காட்டும்.

கே.வி. வழக்கு

நீதிமன்றப் பதிவுகளில் கே.வி. என்று மட்டும் குறிக்கப்படும் இலங்கைத் தமிழர் ஒருவர் 2011இல் பிரிட்டன் சென்று புகலிடம் கேட்டார். இலங்கை அரசுப் படையினர் தம்மைப் பிடித்துவைத்துக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டனர் என்றார். முதுகிலும் கையிலும் தழும்புகள் இருந்தன. கையிலிருந்த தழும்புகளின் ஓரம் மங்கலாகவும் முதுகிலிருந்தவற்றின் ஓரம் தெளிவாகவும் இருந்தன. கையில் சுட்டபோது வலியால் உடலை அசைத்தார். பின்பு மயங்கிவிட்டதால் முதுகு அசையவில்லை. பரிசோதித்த மருத்துவர், தழும்புகள் அவர் கூற்றோடு மிகவும் பொருந்துகின்றன என எழுதினார்.

ஆயினும் புகலிடம் பெறுவதற்காக அவரே பிறரைக் கொண்டு சூடு போட்டுக்கொண்டிருக்கலாம் எனக் கருதி, மேல் தீர்ப்பாயம் 2014இல் கோரிக்கையை மறுத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2017இல் பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை ஏற்றது. 2019 மார்ச் 6 அன்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அம்முடிவை நீக்கி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. தழும்பு மட்டுமன்றி, அது ஏற்பட்டதாகச் சொல்லப்படும் சூழலும் பொருந்துகிறதா என்று கருத்துக் கூற மருத்துவருக்கு உரிமை உண்டு என அத்தீர்ப்பு தெளிவாக்கியது. தகுதியான பயிற்சியோடு எழுதப்படும் அறிக்கையின் மதிப்பை உயர்த்திய தீர்ப்பு இது.

நினைவும் நம்பகத்தன்மையும்

கதையில் முன்னுக்குப்பின் முரண் இருந்தால் அது பொய் என்பது விசாரிப்போரின் பழைய எண்ணம். 2002இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், ஏற்கெனவே அகதிகளாக ஏற்கப்பட்ட கொசோவோ, பொஸ்னியா நாட்டவரிடம் இருமுறை பேட்டி காணப்பட்டது. பொய் சொல்லத் தேவையே இல்லாத அவர்களின் கூற்றுகளிலும் முரண்பாடுகள் இருந்தன. மனவடு நோய் கடுமையாக இருந்தவர்களிடம், இரு பேட்டிகளுக்கும் இடைவெளி கூடக்கூட முரண்பாடுகளும் கூடின.

அதாவது, எந்தக் கொடுமைக்காக ஒருவர் அடைக்கலம் கேட்கிறாரோ, அதே கொடுமையே அவரைப் பொய்யர் போலத் தோன்றச் செய்யலாம். இந்த உண்மையைத் தீர்ப்பாயத்துக்கு விளக்குவதே மதிப்பீட்டாளரின் தலையாய பணி.

பயிற்சியில் கற்பிக்கப்படுபவை

அமெரிக்காவில் மனித உரிமைக்கான மருத்துவர்கள் என்ற அமைப்பு (1986) இத்துறையில் தன்னார்வ மருத்துவர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது. 2010இல் நியூயார்க்கின் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களே நடத்தும் புகலிட மருத்துவ மையம் தொடங்கப்பட்டது. இத்தகைய பயிற்சிகளின் பொதுவான பாடங்கள் இவை:

1. சிகிச்சையாளர், மதிப்பீட்டாளர் என்ற இரு பொறுப்புகளையும் பிரித்தறிதல். முன்கூட்டியே ஒப்புதல் பெறுதல்.
2. காயத்தை மீண்டும் கிளறாமல் கேள்வி கேட்டல். தேவையான இடத்தில் நிறுத்துதல்.
3. மிகைப்படுத்தலுக்கான வாய்ப்பையும் மாற்று விளக்கங்களையும் நேர்மையாகப் பரிசீலித்து எழுதுதல்.
4. புகலிடம் தரலாமா என்ற முடிவைத் தீர்ப்பாயத்துக்கே விட்டுவிடுதல்.
5. குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாதல். கேட்ட கொடுமைகளால் தம் மனம் பாதிக்கப்படாமல் காத்தல்.

தமிழின் பங்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்கால மனப்பாதிப்புகளை விரிவாகப் பதிவு செய்தவர். போரின் உளப்பாதிப்பு பற்றிய அவரது ஆங்கில நூல் 1998இல் வெளிவந்தது. மனவடு, நெருக்கீடு போன்ற சொற்கள் ஈழத்து உளநல எழுத்துகளில் வேரூன்றியவை.

தமிழர் பலர் மனத்துயரை உடல்மொழியில் சொல்வர். "தலை பாரமாக இருக்கிறது", "உடம்பெல்லாம் எரிகிறது", "நெஞ்சை அடைக்கிறது" என்பார்கள். சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால் அது வெறும் உடல்நோயாகப் பதிவாகிவிடும். பாலியல் கொடுமைக்கு உள்ளானவர் "கெடுத்துவிட்டார்கள்" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடலாம். எனவே மொழிபெயர்ப்பாளருக்கும் பயிற்சி தேவைப்படுகிறது.

இந்தியாவில் நிலை

இந்தியா 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் சேரவில்லை. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்டும் இன்னும் பின்னேற்பு அளிக்கவில்லை. 1983 முதல் சுமார் 3 லட்சம் ஈழத்தமிழர் தமிழ்நாட்டுக்கு வந்தனர். பெரம்பலூர் துறைமங்கலம் உட்படப் பல ஊர்களில் அவர்களுக்கு முகாம்கள் அமைந்தன. 2021இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனப் பெயர் மாற்றப்பட்டது. இங்கு வந்தவர்களுக்கு அரிசியும் உதவித்தொகையும் கிடைத்தன. ஆனால் தனித்தனியாகப் புகலிட விசாரணை நடத்தச் சட்டம் இல்லாததால், "உனக்கு என்ன நேர்ந்தது?" என்று முறைப்படி கேட்டுப் பதிவு செய்யும் மதிப்பீடும் இங்கு வளரவில்லை.

அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்டது. பெரம்பலூரிலும் மருத்துவக் கல்வி உண்டு. இம்மாவட்டங்களில் பயிலும் மாணவருக்கு, துயரத்தை அவரவர் தாய்மொழியிலேயே கேட்டு உணரும் வாய்ப்பு பிறப்பிலேயே அமைந்திருக்கிறது. கேட்டதை நடுநிலையோடு எழுதும் பயிற்சியும் அதனோடு சேருமானால், உலகின் எந்தத் தீர்ப்பாயத்திலும் ஒரு தமிழரின் சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் வாய்ப்பு குறையும்.