சாம்பல் ஆண்டும் வராதோர் கணக்கும்

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639, இஸ்லாமிய வரலாற்றில் ‘ஆமுர் ரமாதா’ என்று பெயர் பெற்றது. ‘ரமாத்’ என்னும் அரபுச் சொல்லுக்குச் சாம்பல் என்பது பொருள். ஹிஜாஸ் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஒன்பது திங்கள் மழை பொய்த்தது. புல் கருகிற்று, மண் கறுத்தது, காற்று வீசியபோதெல்லாம் புழுதி சாம்பலைப் போலப் பறந்தது. ஆடுகளும் ஒட்டகங்களும் மடிந்தன. அவற்றையே நம்பி வாழ்ந்த பாலைவனத்து அரபிகள் குடும்பம் குடும்பமாக மதீனாவை நோக்கி நடந்து வந்து, நகரின் நாற்புறமும் தங்கினர்.

அவ்வாண்டில் அமீருல் மூமினீன் உமர் (ரலி) அவர்கள் நெய்யையும் இறைச்சியையும் துறந்ததை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர். மக்கள் படும் துன்பம் தம்மைத் தீண்டாதாயின் அவர்கள் நிலையைத் தாம் எவ்வாறு உணர இயலும் என்று கேட்டவர்கள் அவர்கள். எண்ணெயையே உண்டு அவர்களது மேனியின் நிறமே மாறிற்று என்பர். ஆயினும் அவ்வாண்டின் பாடம் கலீபாவின் பேணுதலோடு முடிந்துவிடுவதில்லை. அவர்கள் செய்த ஏற்பாட்டை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

கலீபா அவர்கள் மாகாண ஆளுநர்களுக்கு அவசரமாகக் கடிதம் எழுதினார்கள். ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகங்களில் உணவுப் பொருள்களை ஏற்றிக்கொண்டு தாமே வந்து சேர்ந்ததாக இமாம் தபரீ எழுதுகிறார்கள். அதே ஆண்டில் ஷாமில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோயில் அப்பெருமகனார் வபாத்தானார்கள். பிறர் பசி தீர்க்க வந்தவர்களின் சொந்த நாட்டிலும் அவ்வாண்டு நலமாக இருக்கவில்லை என்பதை நாம் மறத்தலாகாது.

மதீனாவின் எல்லைகளில் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட்டனர். மாலைதோறும் அவர்கள் கலீபாவிடம் வந்து, தத்தம் பகுதியின் நிலையைக் கூறினர். ஸஹர் நேரத்திலேயே அடுப்புகள் மூட்டப்பட்டன. பெரிய கொப்பரைகளில் மாவுக் கஞ்சி வெந்தது. ஓர் இரவு, உண்ண வந்தவர்களை எண்ணுமாறு உமர் (ரலி) அவர்கள் பணித்தார்கள். 7,000 பேர் இருந்தனர். அத்தோடு அவர்கள் நிறுத்தவில்லை. வர இயலாத குடும்பத்தினரையும், நோயாளிகளையும், சிறுவர்களையும் எண்ணச் சொன்னார்கள். அத்தொகை 40,000. சில இரவுகளுக்குப் பின் மீண்டும் எண்ணியபோது வந்தவர்கள் 10,000, வராதவர்கள் 50,000. இப்னு ஸஅது அவர்களின் ‘தபகாத்’ நூலில் இக்கணக்கு பதிவாகியுள்ளது.

இந்த இரண்டாவது எண்ணிக்கையிலேதான் அவ்வாண்டின் நீதி அடங்கியுள்ளது. கொப்பரையருகே வந்து நிற்பவனுக்கு அள்ளி வழங்குவது ஈகை. வர வலுவற்றவன் எங்கே படுத்திருக்கிறான் என்று தேடிச் சென்று கணக்கெடுப்பதோ, அவனுக்குரிய ஹக்கை அவனிடம் சேர்ப்பதாகும். செல்வரின் பொருளில் வறியவருக்கு உரிமையுண்டு என்றே திருமறை போதிக்கின்றது. தயவு உண்டு என்று போதிக்கவில்லை.

அவ்வாண்டின் மற்ற முடிவுகளும் இவ்வடிப்படையில் எழுந்தவையே. வறட்சியுற்ற மக்களிடம் அவ்வாண்டின் ஸகாத்தை வசூலிப்பது ஒத்திவைக்கப்பட்டது. மறு ஆண்டில் இரண்டு ஆண்டுகளுக்கானது வசூலிக்கப்பட்டபோது, ஒரு பாதி அவர்களுக்கே பங்கிடப்பட்டது. பசியால் திருடியவனுக்குக் கைவெட்டும் தண்டனை நிறைவேற்றப்படவில்லை. மழை பெய்த பின்னரும் வந்தவர்களை, இனி உங்கள் பாடு என்று கைவிட்டுவிடவில்லை. வழியுணவும் வாகனமும் கொடுத்து அவரவர் நிலத்திற்கு அனுப்பினர். இத்தனைக்கும் பிறகு மாண்டவர்கள் பலர். கலீபாவின் ஊழியராயிருந்த அஸ்லம் அவர்கள் அதை மறைக்காது அறிவித்துள்ளார்கள். நல்லாட்சியிலும் பேரிடர் உயிர் குடிக்கும் என்பதை அவர்கள் அறிவிப்பு உணர்த்துகிறது.

அடுத்த பஞ்சத்திற்கும் வழி தேடப்பட்டது. எகிப்து முஸ்லிம்கள் வசம் வந்தபின், உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி அம்ரிப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நைல் நதியைச் செங்கடலோடு இணைத்த பழங்காலக் கால்வாயைத் தோண்டித் திறந்தார்கள். ‘கலீஜு அமீரில் மூமினீன்’ என்று அது பெயர் பெற்றது. நைல் கரையின் தானியம் குல்ஸும் துறைமுகம் வழியாக, மதீனாவுக்கு அண்மையிலிருந்த ஜார் துறைமுகத்தை அடைந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பின், ஹிஜ்ரி 145-இல் மதீனாவில் கிளர்ச்சி எழுந்தபோது, அங்கே தானியம் போகாதிருக்கும் பொருட்டு அப்பாஸியக் கலீபா மன்ஸூர் அக்கால்வாயை அடைக்கச் செய்ததாக வரலாறு கூறுகின்றது. பசி தீர்க்க வெட்டிய வாய்க்காலைப் பகை தீர்க்கவும் மூடலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

அத்தானியக் கப்பல்கள் கடந்து சென்ற ஸினாய்க் கரையில் ஷர்முஷ் ஷைகு என்னும் நகர் இன்று உள்ளது. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் உலக நாடுகள் அங்கே கூடி, பருவநிலை மாற்றத்தால் இழப்புற்ற ஏழை நாடுகளுக்கென ஒரு நிதியத்தை அமைக்க இசைந்தன. அதற்குச் சில திங்கள் முன்னர்தான் பாகிஸ்தானில் பெருவெள்ளம் 1,700-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்து, 3 கோடியே 30 இலட்சம் மக்களை அலைக்கழித்திருந்தது. காற்றில் உலகம் கலக்கும் வெப்ப வாயுக்களில் அந்நாட்டின் பங்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. மறு ஆண்டு துபாயில் அந்நிதியம் செயலுக்கு வந்தபோதோ, இது பொறுப்பேற்பும் அன்று, இழப்பீடும் அன்று என்ற வாசகம் தீர்மானத்தில் இடம்பெற்றது. பணம் தரலாம், அதை ஹக்கு என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை!

உலக அவைகளைக் குறைகூறுவதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பள்ளிவாசல்கள் பல மதபேதமின்றி எல்லா மக்களுக்கும் திறந்து வைக்கப்பட்டன. நம் இளைஞர்கள் நீரில் இறங்கி உணவு சுமந்தனர். 2018 நவம்பரில் கஜா புயல் முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலான கரையோர ஊர்களைச் சிதைத்தது. துன்பம் வந்தபின் நம் சமுதாயம் ஓடிச்சென்று உதவுகின்றது, அதில் ஐயமில்லை. துன்பம் வருமுன் நம் கையில் கணக்கு உள்ளதா என்பதே கேள்வி.

நம் மஹல்லாக்களில் சந்தா செலுத்துவோரின் பட்டியல் இருக்கின்றது. படுக்கையில் கிடக்கும் முதியவர் எந்த வீட்டில் இருக்கிறார், இத்தா இருக்கும் பெண்ணுக்குத் துணை யார், தாழ்ந்த தெருவில் கைக்குழந்தையோடு இருப்போர் எத்தனை பேர், வாடகைக்கு வந்த பிற சமயத்துக் குடும்பத்தின் நிலை என்ன — இவற்றைக் கூறும் பட்டியல் எத்தனை ஜமாஅத்துகளில் உண்டு? ஐப்பசி மழை தொடங்குமுன் தெருவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கி இதனைத் தொகுத்து வைக்க நான்கு மாலைப்பொழுதுகள் போதும். பைத்துல்மாலில் ஒரு பகுதியை இடர்க்காலத்திற்கென ஒதுக்குவதற்கும், பள்ளிவாசலின் மேல்தளத்தில் அரிசியும் மருந்தும் குடிநீரும் சேர்த்து வைப்பதற்கும் முத்தவல்லிகளின் ஒரு கூட்டம் போதும். அத்தெருப் பொறுப்பாளர்களுள் பெண்களும் இருத்தல் வேண்டும். எந்த வீட்டில் அடுப்பெரியவில்லை என்பதை முதலில் அறிபவர்கள் அவர்களே.

ஜமாஅத் தலைவர்கள் அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துப் பேசுவார்களாக. வராதோரையும் எண்ணிய அந்த அமீரின் வழியில் நம்மையும் நடத்தியருள வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.