வட்டுக்கோட்டைக்குப் போட்ட மார்க்

பூந்தமல்லியில் இருந்து திருமழிசை தாண்டி மேற்கே போனால் வழியெல்லாம் பொறியியல் கல்லூரிகள்தான். அங்கே பாடம் நடத்துகிற யாரிடமாவது என்.பி.ஏ. என்று சொல்லிப் பாருங்கள், ஒரு பெருமூச்சு வரும். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கோர்ஸ் அவுட்கம்' எழுதணும், பரீட்சையில் எந்தக் கேள்வி எந்த அவுட்கமைச் சோதிக்கிறது என்று குறிக்கணும், கடைசியில் எக்ஸெல் ஷீட்டில் 1, 2, 3 என்று ஒரு எண் வரும். 2014இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினர் ஆனதில் இருந்து இதற்கு மவுசு அதிகம். மாணவன் தேறினானா என்பது ஒரு கேள்வி. அந்தப் படிப்பு எதற்காக ஏற்பட்டதோ அது நடந்ததா என்பது இன்னொரு கேள்வி. எங்கள் மென்பொருள் துறையில் வெரிஃபிகேஷன், வேலிடேஷன் என்று பிரிப்போமே, கிட்டத்தட்ட அதேதான்.

இரண்டாவது கேள்வி ஏதோ நேற்று வந்தது போலப் பேசுகிறோம். தமிழர்கள் படித்த ஓர் உயர்கல்வி நிலையத்தில் 1855லேயே அதைக் கேட்டார்கள். பதில் பிடிக்கவில்லை, நிலையத்தையே மூடிவிட்டார்கள்.

யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டை செமினரி அது. அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கியது, முதல் தலைவர் டேனியல் பூர். தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல், இயற்பியல் எல்லாம் உண்டு. பின்னாளில் தலைவராக இருந்த ஹொய்சிங்டன் சைவ சித்தாந்த நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். இலங்கையில் காலனிச் செயலராக இருந்த எமர்சன் டென்னன்ட், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு இதைச் சமமாக வைக்கலாம் என்கிற அளவுக்கு 1850இல் எழுதினார். ஆக, மாணவர்கள் கற்றார்களா என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

சந்தேகம் பாஸ்டனில் இருந்தது. காசு அனுப்பிய அமெரிக்கன் போர்டு, தன் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சனையும் அகஸ்டஸ் தாம்சனையும் இந்தியா, இலங்கை மிஷன்களைப் பார்த்துவர அனுப்பியது. ஆண்டர்சனின் கேள்வி எளிமையானது: இங்கே படித்து முடித்தவர்கள் எங்கே போனார்கள்? போதகர்களாக வந்தவர்கள் குறைவு. ஆங்கிலம் தெரிந்ததால் அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள் நிறைய. மிஷன் பணம் போதகர்களை உருவாக்கத்தான், அதற்குத் தாய்மொழியே போதும் என்பது அவர் கட்சி. செமினரி 1855இல் மூடப்பட்டது.

ஆண்டர்சனை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. நன்கொடை கொடுத்தவனுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய மனிதர் அவர், நோக்கத்தை வைத்து அளந்தார். ஆனால் நோக்கம் யாருடையது? பிள்ளைகளை அனுப்பிய பெற்றோரின் நோக்கம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அவர்களுக்கு உத்தியோகம்தான் வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, 1857 செப்டம்பரில், சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துச் செய்தது, பாடம் நடத்தாது, பரீட்சை மட்டும் வைக்கும். முதல் கேள்வி மட்டுமே கேட்கிற நிறுவனம். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவர்: சி.வை.தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். விசுவநாதபிள்ளை ஆசிரியர், தாமோதரம்பிள்ளை அவர் மாணவர். முதலிடம் மாணவருக்கு!

தோற்றுப்போனது என்று மூடிய இடத்துச் சரக்கு, மூன்றே வருஷத்தில் சென்னையில் முதல் வரிசையில் நின்றது. இரண்டு மதிப்பீடும் தத்தம் அளவில் சரிதான், அதுதான் சங்கடம்.

இன்னும் ஒன்று. தாமோதரம்பிள்ளையை ஆண்டர்சனின் பட்டியலில் எங்கே எழுதுவது? போதகர் ஆகவில்லை. அரசாங்கக் கணக்குத் துறையில் வேலை பார்த்தார். போதாக்குறைக்குக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து சைவராகவும் ஆனார். எப்படிக் கூட்டினாலும் மைனஸ். அவர் வீரசோழியத்தைப் பதிப்பித்தது 1881இல், தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885, கலித்தொகை 1887. எட்டுத்தொகையில் முதலில் அச்சேறியது அந்தக் கலித்தொகைதான். செமினரியை விட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இன்றைய என்.பி.ஏ. படிவமோ, படிப்பு முடிந்து சில வருஷத்தில் மாணவர் என்ன ஆனார் என்பதோடு நின்றுவிடுகிறது.

வட்டுக்கோட்டையில் அதே இடத்தில் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. பழைய மாணவர்களும் ஊர்க்காரர்களும் விடாமல் கேட்டார்கள், மிஷன் இறங்கி வந்தது. ஆங்கிலமும் திரும்ப வந்தது.